திரும்பிப் பார்க்கிற ஆள்

பெர்னடெட்டுக்குப் பயப்படக் காரணம் ஒன்றும் வேண்டியதில்லை. குருநகரில் அவளுடைய ஒழுங்கையில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பேத்தி இரண்டு தரம் தும்மினால் அது டெங்கு. மகன் போனை எடுக்காவிட்டால் படகு கவிழ்ந்துவிட்டது. மருமகள் நிரோஜினி சந்தையிலிருந்து வரச் சுணங்கினால் பஸ் மோதிவிட்டது. நண்டுக் கொம்பனியில் அவளோடு ஒரே மேசையில் இருந்து நண்டுத்தசை பிரிக்கிற பெண்கள், இண்டைக்கு என்ன பயம் அக்கா என்று கேட்டுவிட்டுத்தான் காலையில் கத்தியைக் கையில் எடுப்பார்கள். அவளும் கோபிக்காமல் அன்றைய பயத்தைச் சொல்லுவாள். அவர்கள் சிரிக்க அவளும் சேர்ந்து சிரிப்பாள். இத்தனை வருடத்தில் அவள் பயந்தவற்றில் ஒன்றே ஒன்றுதான் பலித்தது. அது எது என்று அந்த மேசையில் எல்லோருக்கும் தெரியும். அதனால் சிரிப்பு ஓர் அளவோடு நின்றுவிடும்.

ஆவணி மாதத்தில் வந்த பயத்தை மட்டும் அவள் மேசையில் வைக்கவில்லை. சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அதுதான் அவளை இன்னும் பயப்படுத்தியது.

அந்தப் பயம் அரியாலையில், ஓர் அருங்காட்சியகத்தின் தோட்டத்தில், சாக்கால் மூடிக் கயிறு சுற்றி நிறுத்தப்பட்டிருந்தது.

அருங்காட்சியகம் என்றதும் பெரிய கட்டடத்தை நினைத்துவிட வேண்டாம். நோர்வேயிலிருந்து திரும்பிவந்த பஞ்சலிங்கம் என்பவர் தாய் தகப்பனின் பழைய கல்வீட்டைத் திருத்தி, கரையோரச் சனம் பாவித்த வலை, தோணி, துடுப்பு, லாம்பு, இறால் கூடு எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருந்தார். வீட்டின் பின் தோட்டம் கடல்நீரேரி வரைக்கும் போகிறது. அந்தத் தோட்டத்தில், தண்ணீரைப் பார்த்தபடி, வெண்கலத்தில் ஓர் ஆள் நிற்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. யார் அந்த ஆள் என்பதிலும் அவருக்கு இரண்டாவது யோசனை இருக்கவில்லை.

சண்டைக் காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போக இருந்த வழி கிளாலிக் கடல். எஞ்சின் பூட்டிய ஒரு படகுக்குப் பின்னால் நாலைந்து படகுகளைக் கயிற்றில் கோத்து இருட்டுக்குள் இழுத்துப் போவார்கள். வெளிச்சம் காட்ட ஏலாது. கயிறு அறுந்தால் பின்னால் வருகிறவர்கள் எங்கே போனார்கள் என்று முன்னால் போகிறவர்களுக்குத் தெரியவும் வராது. பஞ்சலிங்கம் இளந்தாரியாக அந்தக் கடலைத் தாண்டிய அன்று எஞ்சின் படகை ஓட்டியவர் குருநகர் இன்னாசித்தம்பி. ஒரு கை எஞ்சினில், மற்றக் கை கயிற்றில். மூச்சுக்கு மூச்சு திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாராம். அந்தாள் முன்னுக்குப் பார்த்ததை நான் காணவேயில்லை என்று பஞ்சலிங்கம் இன்றைக்கும் சொல்லுவார்.

இன்னாசித்தம்பி பெர்னடெட்டின் புருசன்.

சண்டைக்குப் பயந்து ஊரெல்லாம் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த அந்த மாரியில், பெர்னடெட் பிள்ளைத்தாய்ச்சி. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். கடலில் இறங்கத் தடை. அப்படியிருந்தும், இவள் வெறும் பருப்போடு தின்கிறாளே என்று மனம் கேளாமல் ஒரு பின்னேரம் இன்னாசித்தம்பி இரவல் தோணி ஒன்றை ஒழுங்கு பண்ணிக்கொண்டு புறப்பட்டார். சுருட்டை மறந்து பள்ளிக்கூட வாங்கில் வைத்துவிட்டுப் போகிறார் என்று கண்டதும் பெர்னடெட் பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டாள். கடலுக்குப் போகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. எங்கே போகிறாய் என்று கேட்கவும் கூடாது. கரையோரத்துப் பிள்ளைகள் அரிவரி படிக்கமுன் இதைப் படித்துவிடுவார்கள். அவளுக்கும் தெரியும். வாய் முந்திவிட்டது. அவர் நின்று, திரும்பிப் பார்த்து, "வந்து பத்துறன்" என்று சுருட்டைக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனார். பிறகு தோணியும் வரவில்லை, ஆளும் வரவில்லை, கரையொதுங்கி ஒரு துணி கூட வரவில்லை.

கைக்குழந்தையோடு குருநகருக்குத் திரும்பியபோது அவள் முதலில் செய்த வேலை வளவைத் தோண்டியது. புறப்படமுன் கலியாண அல்பத்தைத் தகரப் பெட்டிக்குள் வைத்து முருங்கைக்குக் கீழே தாட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மாரி வெள்ளம் பெட்டிக்குள் போயிருந்தது. படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பதமாக உரித்துப் பார்த்தாள். அவருடைய கோட்டு தெரிந்தது, அவளுடைய சேலைக்கரை தெரிந்தது, கோவில் வாசல் தெரிந்தது. முகங்கள் இருந்த இடமெல்லாம் வெள்ளை.

ஆகவே அந்த வீட்டுச் சுவரில் திருவிருதயப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய படம் இல்லாமலே போனது. கார்த்திகை மாதம் மரித்தோர் நாளில் மற்றவர்கள் கல்லறைக்கு மெழுகுதிரி கொண்டுபோவார்கள், வீட்டில் படத்துக்கு மாலை போடுவார்கள். பெர்னடெட்டுக்குக் கல்லறையும் இல்லை, படமும் இல்லை. உண்மையைச் சொன்னால் அது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. மாலை போடாதவரைக்கும் மனிதன் முழுதாகச் சாகவில்லை என்று மனதின் ஏதோ ஒரு மூலையில் அவள் நம்பிக்கொண்டிருந்தாள். இதையும் அவள் யாருக்கும் சொன்னதில்லை.

மகன் லெனாட் வளர்ந்து, அப்பா எப்படி இருப்பார் என்று கேட்கத் தொடங்கினான். போய்க் கண்ணாடியைப் பார் என்பாள். ஊரும் அதைத்தான் சொன்னது. அவன் வாலிபனானதும் கரையில் வலை பொத்துகிற கிழவர்கள், அச்சு அசல் இன்னாசி என்றார்கள். சொல்லிச் சொல்லி என்ன ஆனதென்றால், பெர்னடெட் கண்ணை மூடிப் புருசனை நினைத்தால் மகனின் முகம்தான் வந்து நின்றது. கூட இருந்ததோ இரண்டு மூன்று வருடம். மகனை ஒவ்வொரு நாளும் பார்க்கிறாள். அவன் முகம் அவர் முகத்தின்மேல் ஏறி இருந்துவிட்டது. கட்டினவனின் முகம் மறந்துபோயிற்று என்று ஒரு பொம்பிளை வாய்விட்டுச் சொல்லுவாளா? அவள் சொல்லவில்லை.

சிலை செய்ய வந்தவள் பிரியந்தினி. நுண்கலை படித்த, அடிக்கடி கையைத் துடைத்துக்கொண்டே கதைக்கிற ஒல்லிப் பெட்டை. படம் ஏதும் இருக்கிறதா என்று முதல் நாளே கேட்டாள்.

"படமில்லைப் பிள்ளை. மோன் இருக்கிறான். அவரை அப்பிடியே உரிச்சு வைச்சது" என்றாள் பெர்னடெட்.

லெனாட்டைத் தன் வேலைக் கொட்டிலுக்குள் கதிரையில் இருத்திப் பிரியந்தினி களிமண்ணில் வேலையைத் தொடங்கினாள். கடலில் நிற்கிறவனை ஓரிடத்தில் இருத்துவது லேசான காரியமா? முதல் நாள் நெளிந்தான். இரண்டாம் நாள் நித்திரை கொண்டான். பிறகு எப்படியோ பழகிவிட்டான். பிரியந்தினி அவனைப் பார்த்ததோடு விடவில்லை. கரைக்குப் போய் இன்னாசித்தம்பியோடு தொழில் செய்த பழைய ஆட்களையெல்லாம் இருத்தி வைத்துக் கேட்டாள். பெர்னடெட்டையும் துருவித் துருவிக் கேட்டாள். வலது புருவத்தில் தூண்டில் கிழித்த வடு இருந்தது என்று பெர்னடெட் சொன்னாள். கடைசியாகத் திரும்பிப் பார்த்ததையும் சொன்னாள். அதற்குமேல் கேட்டபோது அவளுக்கு ஒன்றும் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அடுப்பில் சோறு என்று எழும்பிப் போய்விட்டாள்.

களிமண் அச்சாகி, அச்சு வெண்கலமாகி, ஆவணி பிறக்க ஆள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தார். திறப்பு விழாவுக்கு முன்பு நீங்கள்தான் முதலில் பார்க்கவேண்டும் என்று சொல்லிப் பிரியந்தினி பெர்னடெட்டை ஓட்டோவில் கூட்டிக்கொண்டு போனாள். சாக்கை அவிழ்த்தாள்.

ஆளுயரம். மடித்துக் கட்டிய சாறம், வெறும் மேல். வலது கை பின்னால் போகிற கயிற்றைப் பிடித்திருக்கிறது. உடம்பு கடலைப் பார்த்து நிற்கிறது, முகம் மட்டும் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்கிறது. பார்த்த முகம் லெனாட்டின் முகம்.

பெர்னடெட் ஓர் அடி பின்னுக்குப் போனாள். அவள் பெற்ற பிள்ளை, காலையில் அவள் கையால் பாணும் சம்பலும் வாங்கித் தின்றுவிட்டுப் போன பிள்ளை, கண் சிமிட்டாமல், மூச்சில்லாமல், கறுத்த பச்சையாய் அங்கே நின்றான். நல்லாயிருக்கோ அன்ரி என்று பிரியந்தினி கேட்டாள். ஓம் பிள்ளை என்று சொல்லத்தான் முடிந்தது. புருவத்தில் வடு வைச்சிருக்கிறன், வேறையும் கொஞ்சம் மாத்தியிருக்கிறன், கிட்ட வந்து பாருங்கோ என்று அவள் கூப்பிட்டாள். பெர்னடெட் கிட்டப் போகவில்லை. பேத்தி தேடுவாள் என்று சொல்லி ஓட்டோவுக்குள் ஏறிவிட்டாள்.

ஆளுக்கு மாலை போடலாம். கலியாணத்தில் போடுவார்கள், பந்தடியில் வென்று வந்தால் போடுவார்கள். ஆளின் உருவத்துக்கு மாலை விழுந்தால் அந்த ஆள் இல்லை என்று கருத்து. உயிரோடு இருக்கிறவனின் படத்துக்கு விளையாட்டுக்கு ஒரு பூச்சரத்தைத் தொங்கவிட்டாலும் வீட்டில் அடி விழும். இங்கேயோ பஞ்சலிங்கம் மேடை போட்டு, பத்திரிகை அடித்து, பங்குச் சுவாமியைக் கூப்பிட்டு, முதல் மாலையை மனைவியின் கையாலேயே போடுவிக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அதாவது தாயின் கையால். லெனாட்டுக்கு இப்போது தகப்பன் போன வயது. இதை நினைத்த அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் சும்மா இருக்கவுமில்லை. பஞ்சலிங்கத்தைத் தேடிப்போய், மாலை வேண்டாம் ஐயா, விளக்கு மட்டும் கொளுத்துவம் என்று பார்த்தாள். அவர் அவளுடைய அடக்கத்தை மெச்சினார். மாலை இல்லாமல் சிலை திறக்கிறதோ அக்கா, ஊர் என்னைக் காறித் துப்பும் என்றார். கோவிலுக்குப் போய்ச் சுவாமியிடம் மறைமுகமாக விசாரித்தாள். உதெல்லாம் மூடநம்பிக்கை, செபமாலை சொல்லுங்கோ என்றார் அவர். செபமாலையும் சொன்னாள். மணியை உருட்டும்போதே அந்தப் பூமாலை நினைவுக்கு வந்து தொலைத்தது. கொம்பனியில் கத்தி வழுக்கி இரண்டு விரலில் பிளாஸ்ரர் ஏறியது. கடைசியில் லெனாட்டிடம் வந்தாள். விழா முடியுமட்டும் கடலுக்குப் போகாதை என்றாள். ஏன் என்று கேட்டான். காரணத்தைச் சொன்னால் அதுவே பலித்துவிடுமோ என்று அதற்கும் பயம். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான்.

விழா ஒரு சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை குருநகரார் கடலுக்குப் போவதில்லை. வெள்ளியன்று லெனாட் நண்டு வலை விட்டிருந்தான். சனிக்கிழமை எடுக்காவிட்டால் வலை திங்கள்வரை தண்ணீரில் கிடக்கும், நண்டெல்லாம் செத்து நாறும். ஆகவே விடியும் நேரம் எழும்பி, வலையை எடுத்துக்கொண்டு நேரே அரியாலைக் கரைக்கு வாறன், உடுப்பை மட்டும் கொண்டுவா என்று நிரோஜினியிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டான்.

சோளகக் காற்று கூரைத் தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. பெர்னடெட் கதவடியில் நின்றாள். அவன் எண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையில் இறங்கி நடந்தான். கூப்பிட்டால் நிற்பான். நின்றால் திரும்பிப் பார்ப்பான். அவள் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டு நின்றாள். அவன் திரும்பாமலே சந்தி தாண்டிப் போய்விட்டான். கூப்பிடாமல் விட்டது சரிதான் என்று மனம் சொன்னது. முகத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டாயே என்றும் அதே மனம் சொன்னது.

எட்டு மணிக்கு அவன் அரியாலைக் கரையில் ஏறியிருக்க வேண்டும். நிரோஜினி அவனுக்குப் போன் எடுத்தாள். வேலை செய்யவில்லை. மூன்று வயதுப் பேத்தி ஜெசிதாவுக்குச் சட்டை போட்டு, லெனாட்டின் வெள்ளைச் சேட்டையும் நீளக் காற்சட்டையையும் ஒரு பையில் வைத்துக்கொண்டு மூன்று பேருமாக அரியாலைக்குப் போனார்கள். அங்கே வந்து நிற்பார் மாமி என்று நிரோஜினி வழியெல்லாம் சொன்னாள். கொழும்புத்துறை தாண்டி ஓட்டோ கரைப்பக்கம் திரும்பியபோது பெர்னடெட் கடலைப் பார்த்தாள். நுரை நுரையாக எழும்பி விழுந்துகொண்டிருந்தது. ஒரு படகும் தெரியவில்லை.

தோட்டம் நிறையச் சனம். கதிரைகள், பந்தல், ஒலிபெருக்கி. கரையில் அவன் இல்லை. குருநகரிலிருந்து வந்த இரண்டு பேர், காத்துக்கு எங்கையாவது ஒதுங்கியிருப்பான், பயப்படாதையுங்கோ அக்கா என்றார்கள். சொல்லிவிட்டு அவர்களும் கடலைத்தான் பார்த்தார்கள். பெர்னடெட்டை முன்வரிசையில் இருத்தினார்கள். சுவாமி செபித்தார். பஞ்சலிங்கம் கிளாலிக் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்லச் சனம் கண்ணைத் துடைத்தது. பெர்னடெட்டுக்கு ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. வலை எடுக்கக் குனிந்தவன் தலைகுப்புற விழுந்திருப்பானோ, எஞ்சின் நின்று அலை அடித்திருக்குமோ, நீந்துவான், நல்லாய் நீந்துவான், அவரும் நல்லாய்த்தானே நீந்தினார்? இப்படியே மனம் கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது.

பேச்சு முடிந்தது. பஞ்சலிங்கம் கயிற்றை இழுத்தார். மூடியிருந்த வெள்ளைத் துணி சரிந்து விழுந்தது.

"அப்பா" என்று ஜெசிதா கையை நீட்டினாள்.

சனம் சிரித்தது. குழந்தைக்குக்கூடத் தெரிகிறது பார் என்று யாரோ மெச்சினார்கள். நிரோஜினி பிள்ளையின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அவளுடைய முகமும் மாறிவிட்டதைப் பெர்னடெட் கண்டாள். ஆக, இந்தப் பயம் இப்போது தனக்கு மட்டும் சொந்தமில்லை.

ஒலிபெருக்கியில் அவளைக் கூப்பிட்டார்கள். சிலையின் பீடத்துக்குப் பக்கத்தில் ஏறி நிற்க ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். பெரிய மாலை, சம்பங்கியும் ரோசாவும். பஞ்சலிங்கம் அதை அவளுடைய இரண்டு கையிலும் வைத்தார். ஈரமாயும் பாரமாயும் இருந்தது. அவள் நிமிர்ந்து பார்க்காமல் நின்றாள். படம் எடுக்கிறவர்கள் முன்னால் வந்து குந்தினார்கள்.

"போடுங்கோ அக்கா" என்றார் பஞ்சலிங்கம் மெதுவாக.

"என்ரை பிள்ளை வரட்டும்."

"அவர் வந்திடுவார். நல்ல நேரம் போகுது."

"பிள்ளை வராமல் போடமாட்டன்."

சத்தம் போடவில்லை. அழவும் இல்லை. மாலையை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பஞ்சலிங்கத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சுவாமிக்கு அன்றைக்குக் கோவிலில் அவள் சுற்றிவளைத்துக் கேட்டது இப்போதுதான் விளங்கியது போலும். எழும்பி வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார். முன்வரிசையில் குசுகுசுப்பு. பிறகு அதுவும் நின்றது. கரையோரத்துச் சனத்துக்கு ஒரு பொம்பிளை கடலில் போனவனுக்காகக் காத்து நின்றால் அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. குருநகர் ஆட்கள் சிலர் எழும்பித் தண்ணீர்ப் பக்கம் போனார்கள். நிரோஜினி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் போனாள். ஒலிபெருக்கிக்காரன் என்ன நினைத்தானோ, பாட்டுப் போடப் போனவன் போடாமல் விட்டான். பெர்னடெட்டுக்கு அந்த நேரத்தில் கடவுளோடு ஒரு பேரம்கூடப் பேச வரவில்லை. மாலையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சேலை நனைந்தது.

நிரோஜினியின் சத்தம்தான் முதலில் கேட்டது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. பெர்னடெட் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

வேலிப் படலையைத் தள்ளிக்கொண்டு லெனாட் வந்தான். முழங்கால்வரை சேறு, உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து சிவந்திருந்தது. எஞ்சின் விசிறியில் யாரோ வெட்டிவிட்ட வலை சுற்றி, வெட்டி எடுக்க முடியாமல், எதிர்க்காற்றில் கம்பு ஊன்றி ஊன்றிப் படகைக் கொண்டுவந்திருக்கிறான். போன் தண்ணீருக்குள் போய்விட்டது. இதெல்லாவற்றையும் அவன் தோட்டத்தில் நடந்துகொண்டே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தான். பெர்னடெட்டுக்கு உயிர் திரும்பி உடம்புக்குள் வந்தது. வந்த கையோடு ஆத்திரமும் வந்தது.

"எங்கையடா போனனீ?" என்றாள்.

கடலுக்குப் போகிறவனிடம் கேட்கக்கூடாத கேள்வி. வந்தவனிடம் கேட்கலாம்தானே. அவன் அவளுடைய தோளைத் தொட்டான். பிறகு அவள் கையிலிருந்த மாலையைப் பார்த்தான்.

"தாங்கோ அம்மா. ஏலாட்டி நான் போடுறன்."

"நீ போடக்கூடாது." அவள் மாலையை இழுத்துப் பிடித்தாள். "உனக்கு விளங்காது. உது உன்ரை முகமடா."

லெனாட் அவளை ஆச்சரியமாகப் பார்த்தான். "ஆர் சொன்னது? உது அப்பா."

அவன் அதைச் சொன்ன விதத்தில் சந்தேகம் என்பது ஒரு துளியும் இல்லை. பிரியந்தினி பக்கத்தில் வந்து, கதிரையில் இருந்த வேலை முடிந்த பிறகும் இவர் கிழமைக்கு ஒருக்கா வந்து பார்த்துக்கொண்டு நிற்பார் அன்ரி, அப்பாவைப் பார்க்க வந்தனான் என்றுதான் சொல்லுவார் என்றாள். பெர்னடெட் மகனைப் பார்த்தாள். இந்தப் பிள்ளை தகப்பனின் முகத்தைக் காணாமல் பிறந்தவன். கண்ணாடியைப் பார் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தாள். கண்ணாடியில் எவனாவது தகப்பனைக் காண்பானா? தன்னைத்தான் காண்பான். இவ்வளவு காலமும் தகப்பன் என்று சொல்லி அவனுக்குக் கிடைத்தது அதுதான்.

அவள் பிடி தளர்ந்தது. லெனாட் மாலையை வாங்கிக்கொண்டு முக்காலியில் ஏறினான். ஏறி நின்று, எந்தப் பக்கத்தால் போடுவது என்று யோசித்து, வெண்கல முகத்துக்குப் பக்கத்தில் தன் முகத்தை வைத்துத் தாயைத் திரும்பிப் பார்த்தான்.

இரண்டு முகமும் பக்கம் பக்கமாகத் தெரிந்தன. அப்போதுதான் பெர்னடெட் கண்டாள்.

லெனாட்டின் காது தலையோடு ஒட்டினது. வெண்கலத்தின் காது கொஞ்சம் வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. லெனாட்டின் தாடை அவளுடைய தகப்பனின் தாடை, சதுரம். இது ஒடுங்கி முன்னே வந்திருந்தது. வலது புருவத்தில் வடு. அதெல்லாம் போகட்டும். இடது கண். இடது கண் மற்றதைவிடக் கொஞ்சம் சுருங்கியிருந்தது. எதிர்க்காற்றுக்குச் சுருக்கிச் சுருக்கிப் பழகி, கரையிலும், சிரிக்கும்போதும், கலியாணத்தன்று கோவில் வாசலிலும் அப்படியே நின்றுவிட்ட கண். இதை அவள் பிரியந்தினிக்குச் சொல்லவில்லை. கரையிலே அவரோடு தொழில் செய்தவர்கள் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு அது அடியோடு மறந்துபோயிருந்தது. வந்து பத்துறன் என்று சொல்லிவிட்டு அவர் திரும்பிப் பார்த்தபோது அந்தக் கண் இப்படித்தான் இருந்தது. மகனுக்கு இல்லாதது எல்லாம் சேர்ந்து அங்கே நின்றது. அவர்தான்.

"போடட்டே அம்மா?" என்றான் லெனாட்.

"பொறு. அசையாதை மோனை. கொஞ்சம் அப்பிடியே நில்லு."

அவன் நின்றான். கொட்டிலுக்குள் பழகியது உதவியது. அவள் ஒரு முகத்தைப் பார்த்தாள், மற்ற முகத்தைப் பார்த்தாள், திரும்பவும் முதல் முகத்துக்குப் போனாள். கண்ணீர் மறைத்தபோது சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் பார்த்தாள். சனம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. இவருக்கு மாலை போட்டால் இவர் செத்தவர். அது அவளுக்குத் தெரிந்தது. இனிச் சுவரில் வெறும் இடம் என்று ஒன்று இருக்காது. தோணி எங்காவது ஒதுங்கியிருக்கும் என்று நினைக்கிற மூலையும் இருக்காது. அது வலித்தது. மகன் சேறும் சகதியுமாய் மூச்சு விட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"இறங்கு. இஞ்சை தா. உது நான் போடவேண்டியது" என்றாள்.

லெனாட் இறங்கி அவளுடைய கையைப் பிடித்து முக்காலியில் ஏற்றிவிட்டான். விழுந்துவிடாமல் முழங்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். அவள் எட்டி மாலையைப் போட்டாள். வெண்கலம் வெயிலில் சூடாக இருந்தது. பிறகு பூ தாடையை மறைக்காமல் இரண்டு பக்கமும் இழுத்து ஒதுக்கிவிட்டு, மெல்ல இறங்கினாள்.